தப்பிச் சென்றது எது?

“இனந்தெரியாத வாகனமொன்று மோதியதில் துவிச்சக்கரவண்டியில் சென்றவர் படுகாயமடைந்தார். விபத்தை ஏற்படுத்திய வாகனம் தப்பிச் சென்றுள்ளது.” இத்தகைய செய்தியை நமது தினசரிகள் அடிக்கடி வெளியிடுகின்றன. உட்பக்கமொன்றின் அடியில் நான்கு வரிகளுடன் அது முடிந்துவிடும். தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் அவ்வரிகளின் இலக்கணத்தைச் சற்று ஆராய விரும்புகின்றேன். மோதியது வாகனம், தப்பிச் சென்றதும் வாகனம். இரண்டு செயலுக்கும் எழுவாய் அஃறிணை. காயப்பட்டவர் மாத்திரமே உயர்திணை. இரும்புக்கும் இறப்பருக்கும் அச்சமுமில்லை, தந்திரமுமில்லை. ஆசனத்தில் ஒரு மனிதன் இருந்தான். கண்ணாடியில் பின்னால் விழுந்து கிடந்தவனைப் பார்த்தான். காலை எடுத்து வேகமிதியின் மேல் வைத்தான். அந்த மனிதனை வாக்கியத்தினின்றும் நீக்கிவிட்டால், வழக்கினின்றும் அவனை நீக்குவது எளிதாகிவிடுகின்றது.

‘இனந்தெரியாத’ என்ற அடைமொழியையும் இந்நாட்டுத் தமிழர் நன்கறிவர். போர்க்காலத்தில் ‘இனந்தெரியாதோர்’ என்ற எழுவாய்க்குப் பின்னே எத்தனை கொலைகள், எத்தனை கடத்தல்கள் மறைக்கப்பட்டன என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஊர் முழுவதும் அறிந்திருந்ததை எழுத முடியாதபோது அச்சொல் கைகொடுத்தது. போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. சொல் ஓய்வு பெறவில்லை. வீதிக்கு வந்து நிற்கின்றது. இன்றும் அதன் வேலை பழைய வேலைதான்.

யாழ்ப்பாணத்துக்கும் துவிச்சக்கரவண்டிக்கும் உள்ள உறவைப் பற்றிப் பெருமிதத்தோடு எழுதுவோர் பலர். தொண்ணூறுகளில் எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் நெல்மூட்டையும் விறகுக்கட்டும் நோயாளியும் அதன் மீதே சென்றமை உண்மை. 2022ஆம் ஆண்டில் எரிபொருள் அருகியபோது உத்தியோகத்தரும் வைத்தியரும் மீண்டும் அதன் மீது ஏறினர். அந்தச் சில மாதங்களுக்குத் துவிச்சக்கரவண்டி தேகாரோக்கியமாயிற்று, சூழற் பாதுகாப்பாயிற்று, முகநூற் படமுமாயிற்று. பெற்றோல் வந்தது; அவர்கள் இறங்கினார்கள். இறங்க வழியில்லாதோர் யாவர்? விடியற்காலையில் பனைக்குச் செல்லும் சீவல் தொழிலாளி, மீன்பெட்டியைப் பின்னால் கட்டிச் செல்லும் வியாபாரி, மேசனுக்குக் கையாளாகப் போகும் இளைஞன், கடைச் சிப்பந்திப் பெண், தனியார் வகுப்பு முடிந்து இருட்டில் வீடு திரும்பும் மாணவர். போருக்குப் பின்னர் வீதிகள் காப்பெற் வீதிகளாயின. வீதி அகன்றது, வேகமும் உயர்ந்தது. வெள்ளைக் கோட்டுக்கும் வடிகாலுக்கும் இடைப்பட்ட ஒரு முழ நிலமே இவர்களுக்கு எஞ்சியது. இந்நாட்டின் வீதிகளில் ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களுள் மோட்டார் வாகனத்தின் உள்ளே இருந்து இறப்பவரைக் காட்டிலும் வெளியே நடந்தும், மிதித்தும், இருசக்கரத்தில் அமர்ந்தும் இறப்பவரே பெருந்தொகையினர். அபிவிருத்தி என்று நாம் கொண்டாடுவது யாருடைய வேகம், யாருடைய எலும்பு என்று வினவுவது அபிவிருத்திக்கு எதிரான கூற்றாகாது.

சட்டப் புத்தகத்தை மாத்திரம் வாசிப்பவனுக்கு இந்நாட்டில் அநீதி இருக்கவே முடியாது என்று தோன்றும். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம், விபத்து நேர்ந்தால் சாரதி வாகனத்தை நிறுத்த வேண்டும், காயமுற்றவருக்கு உதவ வேண்டும், பொலிசாருக்கு அறிவிக்க வேண்டும் என விதிக்கின்றது. மூன்றாந்தரப்புக் காப்புறுதியின்றி எவ்வாகனமும் வீதியில் ஓடலாகாது என்கின்றது. தண்டனைச் சட்டக்கோவை, அசட்டையாக வாகனத்தைச் செலுத்தி மரணம் விளைவித்தவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு என்கின்றது. குற்றவாளியாகக் காணப்பட்டவன் நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிடக் குற்றவியல் நீதிமன்றுக்கே அதிகாரமுண்டு. அது போதாதாயின் குடியியல் வழக்குத் தொடரலாம். எல்லாம் இருக்கின்றன.

ஆனால் ஓட்டம் என்பது ஒரு கணக்கு. மது அருந்தியவன் நின்றால் அவனது மூச்சே அவனுக்கெதிராகச் சாட்சி சொல்லும். ஓடிவிட்டால், மறுநாட் காலை, முழுகித் திருநீறு பூசி, சட்டத்தரணியோடு சென்று சரணடையலாம்; மூச்சு அதற்குள் தூய்மையாகியிருக்கும். அனுமதிப்பத்திரம் இல்லாத மகன் ஓட்டியிருந்தால், அனுமதிப்பத்திரமுள்ள மாமன் சரணடையலாம். நொறுங்கிய விளக்கை வேறு ஊரில் மாற்றலாம். ஓடியவனுக்கு ஓர் இரவு முழுவதும் மூலதனமாகக் கிடைக்கின்றது. அந்த இரவில் விழுந்தவன் செய்யக்கூடியது யாது? நின்று உதவியவனுக்குத் தொல்லையும் ஓடியவனுக்கு ஆதாயமும் தரும் ஓர் ஒழுங்கை வைத்துக்கொண்டு, ‘மனிதாபிமானம் குன்றிவிட்டது’ என்று மேடையிற் புலம்புவதனாற் பயனில்லை.

ஓர் உதாரணம் கூறுவேன். நான் கற்பிக்கும் வகுப்பிலுள்ள மாணவி ஒருத்தியின் தந்தையார் சீவல் தொழிலாளி. ஒருநாள் ஐந்து மணிக்குச் சற்று முன்னதாக, முட்டியும் தளைநாரும் பாளைக்கத்தியும் கொண்டு துவிச்சக்கரவண்டியிற் சென்றவரைப் பின்னால் வந்த வாகனமொன்று இடித்துத் தள்ளிவிட்டு அகன்றது. சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் சென்ற லான்ட்மாஸ்டர்க்காரர் ஒருவர், மூட்டைகளை இறக்கி வீதியோரத்தில் வைத்துவிட்டு, அவரை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வலக்கால் முழங்காலின் கீழ் இரண்டிடங்களில் முறிந்திருந்தது. பொலிசார் வந்தனர், நெளிந்துபோன துவிச்சக்கரவண்டியைச் சான்றுப்பொருள் என்று எடுத்துச் சென்றனர். அடித்த வாகனம் சுதந்திரமாக ஓடித் திரிய, அடிபட்ட வண்டி பொலிஸ் நிலைய முற்றத்தில் மாதக்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டது. அவ்விடத்தில் விழுந்து கிடந்த பக்கக் கண்ணாடித் துண்டொன்றைப் பொறுக்கி, சொப்பிங் பையில் இட்டுப் பாதுகாத்தவள் அந்த மாணவியே. அதனை அவள் பொலிஸ் நிலையத்திற் கொடுக்கச் சென்றபோது, பொறுப்பானவர் விடுமுறையில் இருக்கின்றார், பிறகு வரவும் என்றனர். சந்தியிலுள்ள கடையொன்றில் கண்காணிப்புக் கமரா இருந்தது. அதனைப் பார்க்க ஒருவர் சென்று சேர்வதற்குள் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிட்டது. முதலாளி மீது குற்றமில்லை. எவரும் அவரைக் கேட்கவில்லை.

வாகனம் எவருடையது என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. ஆயினும் மூன்றாவது வாரத்தில் பிரமுகர் ஒருவர் அந்த வீட்டுக்கு வந்தார். “அவங்கள் தெரிஞ்ச ஆக்கள்தான். பொடியன் வெளிநாட்டுக்கு அலுவல் பாத்துக்கொண்டு நிக்கிறான். கேஸ் எண்டு போனால் ரண்டு பகுதிக்கும் கரைச்சல். இந்தக் காலோட நீ கோடு கச்சேரி எண்டு அலையேலுமோ?” என்றார். வந்தவர் வயதிற் குறைந்தவர். படுத்திருந்தவரை ‘நீ’ என்றார். படுத்திருந்தவர் ‘ஓமையா’ என்றார். யாழ்ப்பாணத்தில் இந்த ஒருமையும் பன்மையும் வெறும் இலக்கணக் கூறுகளல்ல என்பதை அறியாதார் இல்லை. நாற்பதினாயிரம் ரூபாவும், தட்டச்சிட்ட ஒரு தாளும் கொடுக்கப்பட்டன. விபத்து எனது கவனக்குறைவினாலேயே நேர்ந்தது, எவர் மீதும் எனக்கு முறைப்பாடு இல்லை என்று அத்தாளில் இருந்தது. மகள் வாசித்துக் காட்டினாள். இது பொய் என்றும் சொன்னாள். அவர் கையெழுத்திட்டார்.

‘ஏன் கையெழுத்து வைத்தான்?’ என்று வினவிய கனவான்களை நான் கண்டேன். பனையேறுபவனுக்குக் கால் என்பது கால் மாத்திரமன்று; அதுவே கருவி, அதுவே மூலதனம், அதுவே ஓய்வூதியம். அது முறிந்த அன்றே வருமானமும் முறிகின்றது. கடைக்காரரின் கடன் கொப்பியும் சங்கத்தில் வாங்கிய முற்பணமும் முறிவதில்லை. வாரக்கணக்காக வருமானமின்றி இருந்த வீட்டில் நாற்பதினாயிரம் ரூபாவை மறுக்கும் வீரத்தை, மாதாமாதம் சம்பளம் எடுக்கும் நாம் எதிர்பார்ப்பது அறிவுடைமையாகாது. மேலும் அவ்வீட்டார் குடியிருக்கும் நிலமும், அவர் ஏறும் பனைகளும் வேறொருவருடையவை. அந்த வேறொருவர் யாருக்கு உறவினர் என்பது கையெழுத்திடுமுன் அவருக்குத் தெரியும். சாதியும் காணியும் சாட்சிக் கூட்டில் ஏறுவதில்லை. சாட்சியை ஏறவிடாமற் செய்வதே அவற்றின் தொழில்.

அவர் கையெழுத்திடாதிருந்தாற்கூட, அவர் முன்னே இருந்த கதவுகள் எத்தகையன?

வாகனம் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். விபத்து நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்; இது 1871ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டத்தின் வரையறை. விக்ரோறியா மகாராணியார் காலத்துக் கடிகாரம் அந்தக் கட்டிலருகே இன்னும் ஓடுகின்றது. எலும்பு பொருந்த ஓராண்டு, பொருந்தாமல் மறுபடியும் அறுக்க ஓராண்டு என்று நோயாளியின் நாட்காட்டி வேறு விதமாகச் செல்வதை அது அறியாது. வழக்குத் தொடர்ந்தாலும், தீர்ப்புத் தொகையைக் காப்புறுதிக் கம்பனி செலுத்த வேண்டுமாயின், வழக்குத் தொடருமுன்னரோ தொடர்ந்து ஏழு நாட்களுக்குள்ளேயோ அக்கம்பனிக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஏழு நாட்கள்! இதைத் தெரிந்த சட்டத்தரணியிடம் போனவன் பிழைத்தான். போகாதவன், வென்ற வழக்கின் தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு மாட்டிவைக்கலாம்.

வாகனம் கண்டுபிடிக்கப்படாவிட்டால்? வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபை, அடையாளம் காணப்படாத வாகனங்களால் இறந்தோரின் குடும்பத்தாருக்கும் பாரிய காயமடைந்தோருக்கும் நட்டஈடு வழங்கும் திட்டமொன்றை வைத்திருக்கின்றது. இதை நான் ஆசிரியர் ஓய்வறையிற் சொன்னபோது ஒருவராவது கேள்விப்பட்டிருக்கவில்லை. பட்டதாரிகள் பதினால்வர் அறியாத ஓர் உரிமையைச் சீவல் தொழிலாளி அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதா? நமது உதாரணத்தில் உள்ளவரோ இங்கும் அங்குமின்றி நிற்கின்றார். தட்டச்சுத் தாள் காரணமாக அது கண்டுபிடிக்கப்பட்ட வாகனமும் அன்று. பிரமுகர் வந்துபோனமையால் அது கண்டுபிடிக்கப்படாத வாகனமும் அன்று.

தொழிலாளர் நட்டஈடு உண்டே எனலாம். 1934ஆம் ஆண்டின் அந்தக் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, வேலைக்குச் செல்லும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளடக்கியது. இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் அதற்குத் தொழில் கொள்வோன் ஒருவன் வேண்டும். தன் கையையும் காலையும் நம்பித் தொழில் செய்பவனுக்குத் தொழில் கொள்வோன் யார்? பனையா?

சட்ட உதவி ஆணைக்குழு இருக்கின்றது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அது வறியோருக்காக நீதிமன்றில் தோன்றுகின்றது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. அங்கு பணியாற்றும் இளம் சட்டத்தரணிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. உதவி இருப்பது ஒன்று. அது விழுந்தவனின் கட்டிலருகே வருவது வேறொன்று. பிரமுகர் கட்டிலருகே வந்தார், ஓடியவனின் உறவினர் வந்தனர், காசு வந்தது, தாள் வந்தது. சட்டம் மாத்திரம், வருமானச் சான்றிதழுடன் அலுவலக நேரத்தில் தன்னிடம் வருமாறு காத்திருந்தது. முறிந்த காலுடன் அவர் அங்கு செல்ல ஓட்டோக் கூலி கொடுக்க வேண்டும். அப்புக்காத்தென்றும் பிறக்கிராசியென்றும் இருந்த பிரிவு 1974ஆம் ஆண்டுடன் ஒழிந்து எல்லோரும் சட்டத்தரணிகளாயினர். ஏழைக்கும் அவர்களுக்கும் இடையிலுள்ள பிரிவு ஒழியவில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி, நீதிமன்ற மொழியும் அதுவே என அரசியலமைப்புக் கூறுகின்றது. அவ்வாறிருந்தும் நமது பகுதிப் பொலிஸ் நிலையங்கள் சிலவற்றில் தமிழன் தமிழிற் சொன்ன வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவது நின்றபாடில்லை. தனக்கு விளங்காத தாளில் ஒருவன் கையெழுத்திடுகின்றான். மாதங்கள் கடந்து குறுக்கு விசாரணையில், ‘வாகனத்தின் நிறம் நீர் அன்று சொல்லவில்லையே’ என்கின்றார்கள். அவன் சொன்னான், எழுதப்படவில்லை. இதனால் துன்புறுவோன் தமிழன் என்பது உண்மை. தெற்கிலே துவிச்சக்கரவண்டியில் விழுந்து கிடக்கும் சிங்களத் தொழிலாளிக்கு மொழி விளங்கியும் நட்டஈடு கிடைப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. இதனை இனப்பிரச்சினை என்ற ஒரு பெட்டிக்குள் மாத்திரம் அடைத்துவிட விரும்புவோர், தம் ஊர் வான் முதலாளியைக் காப்பாற்றவே அவ்வாறு செய்கின்றனர்.

இனி, நட்டஈடு கிடைப்பின் அதன் அளவு எத்தகையது? நமது நீதிமன்றங்கள் இழந்த வருமானத்தை அளவுகோலாகக் கொள்கின்றன. கணக்கு நேர்மையானது போலத் தோன்றும். வங்கி முகாமையாளரின் கால் முறிந்தால் சம்பளப் பட்டியல் சாட்சி. சீவல் தொழிலாளியின் கால் முறிந்தால் சாட்சி யாது? தவறணைக் கணக்கில் உள்ள போத்தல்களா? முகாமையாளர் முறிந்த காலோடு மேசையில் அமர்ந்து வேலை பார்க்கலாம். இவரோ மறுபடி ஒருநாளும் பனையேறப் போவதில்லை. காலை முழுவதுமாக இழந்தவருக்குக் குறைந்த தொகை, அரைகுறையாக இழந்தவருக்குக் கூடிய தொகை! வீட்டு வேலை செய்யும் பெண்ணின் முறிந்த கைக்கு வருமானமே இல்லையாதலால் விலையும் இல்லை எனும்படி முடிகின்றது. உழைப்பைச் சந்தை மதிப்பிட்டபடியே உடலையும் மதிப்பிடும் ஓர் ஒழுங்கிற்கு நாம் நீதி என்று பெயரிட்டிருக்கின்றோம்.

‘அவன் துவிச்சக்கரவண்டியில் விளக்கிருந்ததா?’ என்று கேட்பார்கள். இக்கேள்வி எப்பொழுதும் முதலிலே கேட்கப்படுகின்றது. ஓடியவனின் வேகத்தைப் பற்றிய கேள்வி கடைசியிலும் வருவதில்லை. விளக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆயினும் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னர், அடிபட்டவனின் கவனக்குறைவு நட்டஈட்டின் ஒரு பகுதியைக் குறைக்குமேயன்றி முழுவதையும் அழித்துவிடாது. அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சட்டம் கைவிட்ட வாதத்தை நமது திண்ணைகள் கைவிடவில்லை. விளக்கில்லாமை ஓடுவதற்கான அனுமதிப்பத்திரமும் ஆகாது. ‘விதி’ என்று கூறுவோருக்கு என்னிடம் மறுமொழி ஒன்றே: விதி எப்பொழுதும் பின்னால் வந்து மோதுகின்றது, எப்பொழுதும் காப்புறுதியோடு வருகின்றது, எப்பொழுதும் கண்டுபிடிக்கப்படாமற் போகின்றது; இவ்வளவு ஒழுங்கான விதியை நான் சந்தேகிக்கின்றேன்.

இதனினும் கனதியான மறுப்பொன்று நமது முகாமிலிருந்தே எழுகின்றது. சாரதியும் தொழிலாளியே, டிப்பரில் மண் ஏற்றுபவனுக்கு ஓட்டத்துக்கு ஓட்டம் கூலி, நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும், ஆகவே ஓடுகின்றான் என்பர். இதிற் பெரும் உண்மை உண்டு. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதா, உயிரிழப்பை விளைவித்துவிட்டு அறிவியாது ஓடும் சாரதிக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 சனவரியில் லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தனர். ஏனைய பிரிவுகள் அவ்வாண்டு யூலையில் நடைமுறைக்கு வந்தபோதும் அப்பிரிவு மாத்திரம் நிறுத்தி வைக்கப்பட்டது. அச்சாரதிகளை நான் பழிக்க மாட்டேன். தண்டனையின் பாரத்தைச் சாரதியின் தலையில் மாத்திரம் ஏற்றி, அவனை விரைவாக ஓடச் சொன்ன முதலாளியை விட்டுவிடும் சட்டம் பாதிச் சட்டமே. ஆனால் அதே இந்தியாவில், கண்டுபிடிக்கப்படாத வாகனத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபா, பாரிய காயமுற்றவருக்கு 50,000 ரூபா என 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட திட்டமொன்றும் உண்டு. அதை நாடுவோர் மிகச் சிலரே என்பதைக் கண்ட உச்ச நீதிமன்றம், 2024 சனவரியில், ஒரு மாதத்துக்குள் வாகனம் தெரியவராவிடின் அத்திட்டத்தைப் பற்றிக் காயமுற்றவருக்கோ இறந்தவரின் உறவினருக்கோ பொலிசாரே எழுத்தில் அறிவிக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. தொகை போதாது. எனினும் கடமை எவருடையது என்பது அங்கே திருத்தமாகக் கூறப்பட்டுள்ளது: உரிமையைத் தேடிச் செல்வது விழுந்தவனின் கடமையன்று.

நம்மவர் நீதி என்றதும் எல்லாளன் கதையைச் சொல்வர். மகாவம்சமே அக்கதையைக் கூறுகின்றது: இளவரசனின் தேர்ச்சில்லில் கன்று இறந்தது, பசு மணியை இழுத்தது, அரசன் அதே சில்லால் மகனின் தலையைத் துண்டித்தான். மேடைகளில் இவ்வளவுடன் கைதட்டல் எழும். கன்றை இழந்த பசு அதனாற் பெற்றது யாது என்று எவரும் கேட்பதில்லை. அதே அதிகாரத்தில் பின்னர் வருகின்ற வேறொரு நிகழ்ச்சியை நமது பேச்சாளர் அறவே மறந்துவிடுகின்றனர். எல்லாளனின் தேர் ஏர்க்கால் பட்டு ஒரு தூபியின் கற்கள் பெயர்ந்தன. அரசன் விரைந்து செல்லவில்லை, தேரினின்றும் இறங்கினான், தவறு தன்னுடையது என்றான், தன் தலையை வெட்டுமாறும் கூறினான். தலை வேண்டாம், தூபியைச் சீர்செய்க என்றனர் அமைச்சர். பெயர்ந்தவை பதினைந்து கற்கள். அவன் செலவிட்டது பதினையாயிரம் கஹாபணம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த அமைச்சர்கள், தண்டனை வேறு, ஈடுசெய்தல் வேறு என்பதை நமது சட்டசபையினும் நன்றாக அறிந்திருந்தனர். முதலாவது கதை ஆவேசத்துக்கு உதவும். எனக்கு வேண்டியது இரண்டாவது.

நட்டஈட்டு வழக்குகளில் நாம் இன்றும் பின்பற்றுவது உரோம-ஒல்லாந்தச் சட்டம். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியவர்கள் கொண்டுவந்தது. 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தவர்களும் அவர்களே. அச்சட்டத்தின்படி, மோதியவனின் கவனக்குறைவை மோதப்பட்டவன் நிரூபிக்க வேண்டும். மயங்கிக் கிடந்தவன், மயங்காமல் ஓடியவனின் மனநிலையை நிரூபிக்க வேண்டும்! ஒல்லாந்தர் தம் தாயகத்தில் அப்பழைய சட்டத்தை 1809ஆம் ஆண்டிலேயே களைந்துவிட்டனர். இன்று நெதர்லாந்தின் 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, மோட்டார் வாகனம் துவிச்சக்கரவண்டிக்காரனையோ பாதசாரியையோ மோதினால் வாகன உரிமையாளனே பொறுப்பாளி. தவிர்க்கவியலாத நிகழ்ச்சி என்பதை நிரூபிக்கும் சுமை அவனுடையது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையாயின் முழுத் தொகையையும் கொடுக்க வேண்டும். வளர்ந்தவராயின், அவரிலும் தவறிருந்தாற்கூட, பாதிக்குக் குறையாது கொடுக்க வேண்டும் என அந்நாட்டு நீதிமன்றங்கள் தீர்த்துள்ளன. காரணம் எளிது: அபாயத்தை வீதிக்குக் கொண்டுவந்தவன் அதன் செலவை ஏற்பான், காப்புறுதி அதற்கென்றே இருக்கின்றது. நியூசிலாந்து இதனினும் அப்பாற் சென்றது. 1967ஆம் ஆண்டு வுட்ஹவுஸ் ஆணைக்குழு அறிக்கையைப் பின்பற்றி, 1974 முதல், தவறு எவருடையது என்று கேளாமலே விபத்துற்றவருக்கு ஈடு வழங்குகின்றது. அவர்கள் செல்வந்த நாட்டினர் என்று சொல்லித் தப்பவியலாது. நமது நாட்டிலும் ஒவ்வொரு வாகனமும் காப்புறுதிக் கட்டணம் செலுத்திக்கொண்டுதான் இருக்கின்றது. பணம் சேர்கின்றது; அது விழுந்தவனை அடையும் பாதையே அடைபட்டிருக்கின்றது. ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கோட்டையைப் பழுதுபார்த்துச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவர்கள் எறிந்துவிட்ட சட்டத்தை இரண்டு நூற்றாண்டுகளாகத் துவிச்சக்கரவண்டிக்காரனின் முதுகில் ஏற்றி வைத்திருப்பதே எனது ஆட்சேபம்.

சட்டத்தை மாற்றப் பாராளுமன்றம் வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். ஆனால் சிலவற்றுக்குச் சுற்றுநிருபமே போதும். விபத்திற் காயமுற்றவர் அனுமதிக்கப்படும் ஆஸ்பத்திரியில், அவரது வாக்குமூலத்தை எழுதும் பொலிஸ் உத்தியோகத்தர், முறைப்பாட்டின் பிரதியுடன் தமிழிலோ சிங்களத்திலோ ஒரு தாளையும் கொடுக்கலாம்: தேசிய சபையின் நட்டஈடு, சட்ட உதவி நிலையத்தின் முகவரி, இரண்டாண்டு வரையறை, ஏழு நாள் அறிவித்தல். பொலிஸ் நிலையத்தில் எவ்வித இணக்கத் தாளும் சட்ட உதவியாளர் ஒருவர் வாசித்து விளக்காமற் கையெழுத்தாகக் கூடாது. அடிபட்டவனின் வண்டியைப் படம் பிடித்து அளவெடுத்தபின் ஒரு வாரத்தில் அவனிடமே திருப்பிக் கொடுக்கலாம். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016 முதல் இருக்கின்றது. ஓராண்டில் எத்தனை பேர் அடையாளம் தெரியாத வாகனங்களால் விழுந்தனர், எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் பெற்றனர் என்று மாவட்டந்தோறும் கேட்டு வெளியிடுவதற்கு நமது எழுத்தாளர் சங்கங்களுக்கு ஒரு முத்திரைச் செலவே ஆகும்.

பனை தென்னைவளக் கூட்டுறவுச் சங்கங்களும், கடற்றொழிலாளர் சங்கங்களும், ஆசிரியர் சங்கங்களும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கமும் ஓர் உறுப்பினரை இதற்கென்று நியமிக்கட்டும். விபத்துச் செய்தி கிடைத்த அன்றே அவர் ஆஸ்பத்திரிக்கும் சம்பவ இடத்துக்கும் செல்லட்டும். உடைந்த துண்டுகளைப் படம் பிடித்துப் பொலிசாரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறட்டும். கண்டவர்களின் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். பிரமுகர் வருமுன் அவர் கட்டிலருகே இருக்க வேண்டும். கடைக்காரரின் கமராப் பதிவு அழியுமுன் கடையிலும் இருக்க வேண்டும்.